சும்மா நிற்கும் இன்ஜின் ஏன் இரைகிறது?

குடியாத்தம் சித்தூர் சாலையோரம் ஒரு பழைய ஆம்னி வேன் சரக்கு இறக்க நிற்கிறது. உள்ளே கைலிக் கட்டுகள் இருக்கலாம், பீடிக் கட்டுகள் இருக்கலாம், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போக வேண்டிய தோல் இருக்கலாம். கியர் நியூட்ரலில் இருக்கிறது. டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஆனாலும் இன்ஜின் அடங்காமல் இரைந்துகொண்டே இருக்கிறது. "தானா ரேஸ் ஆவுதுண்ணே, கொஞ்சம் ஸ்லோவைக் கொறைச்சு வுடுங்க" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்புளியால் அரைச் சுற்றுத் திருப்பிவிடுவார்கள். சத்தம் தணிந்துவிடும். மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அணைந்துபோகும். நாலு நாளில் பழைய இரைச்சலே திரும்பி வரும்.

குறைந்தது சத்தம் மட்டும்தான். சத்தத்தை உண்டாக்கிய காரணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் ஐடிலிங், அதாவது சும்மா நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம், ஏறினால் பெரும்பாலும் பிழை காற்றில் இருக்கும். அளந்து உள்ளே விட வேண்டிய காற்று, அளவில்லாமல் வேறொரு வழியில் நுழைந்துகொண்டிருக்கும். அந்த வழியைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு, கடைசியாகத் தொட வேண்டியது அந்த ஸ்க்ரூ. நாமோ அதைத்தான் முதலில் தொடுகிறோம். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு இன்ஜினுக்குள் நடக்கும் இயற்பியலே காரணம் சொல்கிறது.

காற்றுதான் கடிவாளம்

டீசல் இன்ஜினில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் டீசலின் அளவை மாற்றுகிறோம். காற்று தடையின்றி உள்ளே போகிறது. பெட்ரோல் இன்ஜினில் கதை வேறு. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நாம் பெட்ரோலை நேரடியாகத் தொடுவதே இல்லை. கார்புரேட்டரின் குழலுக்குள் இருக்கும் ஒரு வட்டத் தகட்டைத் திருப்புகிறோம். அதுதான் த்ராட்டில். தகடு திறந்தால் காற்று கூடும். காற்றின் ஓட்டம் தனக்கு வேண்டிய பெட்ரோலை இழுத்துக்கொண்டு போகும். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதே கார்புரேட்டரின் வேலை.

காலை எடுத்ததும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட முழுதாக மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் கீழே இறங்கி இறங்கிக் காற்றை இழுக்கின்றன, தகடோ விடுவதில்லை. ஆகவே தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்டில் அழுத்தம் சரிகிறது. நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் ஐடிலிங்கின்போது அங்கே உள்ள அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் இருக்கும். மெக்கானிக்குகள் வேக்கம் என்று சொல்வது இந்தக் குறைவழுத்தத்தைத்தான். வேக்கம் கேஜில் இது பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். இது கடலோர ஊரின் கணக்கு. குடியாத்தம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டரில் இருப்பதால், இங்கே ஓர் அங்குலம் குறைத்துப் பார்க்க வேண்டும்.

ஐடிலிங்கில் எரியும் பெட்ரோலால் வண்டி நகர்வதில்லை. கிடைக்கும் சக்தி முழுவதும் இன்ஜினின் சொந்த உராய்வை வெல்லவும், காற்றை இழுத்துத் தள்ளவும், மின்சாரம் உண்டாக்கவும் தீர்ந்துபோகிறது. வரவும் செலவும் சரியாகும் இடத்தில் வேகம் நிலைக்கிறது. வரவு சற்றே கூடினாலும், புதிய செலவு ஈடாகும் வரை வேகம் ஏறும். சுமை எதுவும் இல்லாததால், கொஞ்சம் காற்று கூடினாலே நிமிடத்துக்கு 800 சுற்று 1,500 ஆகிவிடுகிறது.

3 மில்லிமீட்டர் ஓட்டை

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஆம்னியின் 3 சிலிண்டர் இன்ஜின் 796 சி.சி. கொள்ளளவு கொண்டது. 800 சுற்றில் ஓடும்போது, மேனிஃபோல்டின் குறைந்த அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது விநாடிக்கு இழுக்கும் காற்று ஏறத்தாழ 2 கிராம்தான். அதற்குத் துணையாக நிமிடத்துக்குச் சுமார் 8 கிராம் பெட்ரோல் எரிகிறது.

இப்போது வாயு இயக்கவியலின் ஒரு விதி குறுக்கே வருகிறது. ஒரு துளையின் ஒரு பக்க அழுத்தம் மறுபக்க அழுத்தத்தில் ஏறத்தாழ 53 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், அந்தத் துளைக்குள் காற்று ஒலியின் வேகத்தில் பாயும். அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் ஓட்டம் கூடாது. ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் நிலை இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. எனவே நின்றுகொண்டிருக்கும் வேனின் கார்புரேட்டருக்குள், தகட்டின் விளிம்பைத் தாண்டும் காற்று விநாடிக்கு 300 மீட்டருக்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வேக்கம் ஓஸ் கழன்றால் கேட்கும் அந்த 'உஸ்' இதனால்தான் அத்தனை கூர்மையாக இருக்கிறது.

இந்த விதியைக் கொண்டு ஓர் ஓட்டையின் கொள்ளளவைக் கணக்கிடலாம். மேனிஃபோல்டில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இருந்தால், அதன் வழியே விநாடிக்கு ஏறத்தாழ 1.3 கிராம் காற்று நுழையும். இன்ஜினின் மொத்தத் தேவையே 2 கிராம்! 2 மில்லிமீட்டர் துளையே தேவையில் கால் பங்குக்கு மேல் கொடுத்துவிடும். த்ராட்டில் தகட்டையும் இதே கணக்கில் பார்க்கலாம். 30 மில்லிமீட்டர் குழலில் தகட்டின் விளிம்பைச் சுற்றி 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அதுவே ஐடிலிங்குக்கு வேண்டிய காற்று முழுவதையும் விட்டுவிடும். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குத் தகடு கூடுதலாகத் திறந்திருந்தால் போதும், ஐடிலிங் தாறுமாறாகிவிடும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே வேன் ஆம்பூர் நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகும்போது இன்ஜின் விநாடிக்கு 40 கிராம் வரை காற்று இழுக்கிறது. த்ராட்டில் திறந்திருப்பதால் வேக்கமும் குறைந்துவிடுகிறது. 3 மில்லிமீட்டர் ஓட்டை இப்போது கணக்கிலேயே வராது. "ஓடும்போது நல்லா ஓடுது, நின்னாத்தான் ரேஸ் ஆவுது" என்று டிரைவர் சொல்வது ஒரு மேலோட்டமான புகார் இல்லை. ஏர் லீக் என்ற நோயின் துல்லியமான அறிகுறி அது.

பெட்ரோல் வரும் இரண்டு பாதைகள்

வேகமாக ஓடும் காற்றின் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். குழல் குறுகும் இடத்தில் இது எப்படி நடக்கிறது என்பதை இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவான்னி பத்தீஸ்தா வெஞ்சூரி 1797-இல் எழுதினார். அந்தக் குறுகலுக்கு இன்றும் அவர் பெயர்தான். 1893-இல் ஹங்கேரியில் தோனாத் பாங்கியும் யானோஷ் சோங்காவும், ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக்கும் காற்றோட்டத்தில் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டருக்கு வடிவம் கொடுத்தார்கள். மிதவைத் தொட்டியில் பெட்ரோல், குறுகலில் ஒரு மூக்கு, அந்த மூக்கின் வழியே பெட்ரோலை உறிஞ்சும் காற்று என்ற அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

ஆனால் ஐடிலிங்கில் இந்த ஏற்பாடு வேலை செய்யாது. 24 மில்லிமீட்டர் வெஞ்சூரியில் விநாடிக்கு 2 கிராம் காற்று போனால் அதன் வேகம் சுமார் 4 மீட்டர்தான். அந்த வேகம் உண்டாக்கும் அழுத்தக் குறைவு பெட்ரோலை 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் தூக்கும். மூக்கின் நுனியோ பெட்ரோல் மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே மெயின் ஜெட் மௌனமாக இருக்கும். முழு வேகத்தில் அதே குறுகல் பெட்ரோலை அரை மீட்டருக்கு அருகே தூக்கும் வலிமை பெறுகிறது.

இதனால் ஐடிலிங்குக்கென்று தனிப் பாதை தேவைப்பட்டது. த்ராட்டில் தகட்டுக்குக் கீழே, வேக்கம் பலமாக இருக்கும் பக்கத்தில், ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே பெட்ரோலும் கொஞ்சம் காற்றும் கலந்து வரும். அந்தத் துளையின் வாயில் நிற்கும் ஊசிமுனைத் திருகுதான் மிக்சர் ஸ்க்ரூ. தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே இன்னும் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். தகடு திறக்கத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக வேக்கத்துக்கு ஆளாகிப் பெட்ரோல் தரும். ஐடிலிங்கிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் இடைவெளியை இந்த மாறு துளைகள்தாம் நிரப்புகின்றன. தகட்டை எவ்வளவு மூட விடுவது என்பதைத் தீர்மானிக்கும் மற்றொரு திருகு, த்ராட்டில் லீவரைத் தாங்கி நிற்கும் ஐடில் ஸ்க்ரூ. ஒர்க்‌ஷாப்பில் ஸ்லோ குறைப்பது என்றால் இதைத்தான் திருப்புகிறார்கள்.

தமிழ்ச் சாலைகளில் பெட்ரோல் லாரிகள்

இன்று குடியாத்தத்துக்குச் சரக்கு கொண்டுவரும் பெரிய லாரிகளில் த்ராட்டில் தகட்டுக்கு வேலையே இல்லை. அவை டீசல் வண்டிகள். ஒரு காலத்தில் லாரியே பெட்ரோலில்தான் ஓடியது. செவர்லே, பெட்ஃபோர்ட், டாட்ஜ், ஃபார்கோ என்று பெரியவர்கள் சொல்லும் பெயர்களில் பல பெட்ரோல் லாரிகள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலங்களைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. கரியைக் குறைந்த காற்றில் எரித்துக் கிடைக்கும் அந்த வாயு எரிய, அதன் கன அளவுக்கு ஏறத்தாழச் சமமான காற்று போதும். அதாவது காற்றுக் கலப்பின் கணக்கையே முற்றிலும் மாற்றி அமைத்து, அதே இன்ஜின்களை ஓட்டிக் காட்டினார்கள். எரிபொருளும் காற்றும் சேரும் விகிதம்தான் இன்ஜினின் உயிர் என்பதை அந்தத் தலைமுறை கைப்பழக்கமாகவே அறிந்திருந்தது.

1950-களில் நிலைமை மாறியது. சென்னை சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைக் கொண்டுவந்தது. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954-இல் டாட்டா மெர்சிடிஸ் லாரிகள் வந்தன. கார்புரேட்டர் லாரியை விட்டு ஜீப்புக்கும் காருக்கும் வேனுக்கும் ஒதுங்கியது. 1984-இல் வந்த மாருதி வேன், பின்னாளில் ஆம்னி என்ற பெயரில், சின்ன ஊர்களின் சரக்கு வண்டியாகவே மாறிப்போனது. மறைமலை நகரில் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனி நுட்பத்தில் மாருதிக்குக் கார்புரேட்டர் செய்தது. இன்றும் ஓடும் பழைய ஆம்னிகளும் பெட்ரோல் ஜீப்புகளும்தான் அந்த லாரிக் காலத்து அறிவுக்கு மிச்சமிருக்கும் பள்ளிக்கூடங்கள்.

தேடும் வரிசை

முதலில் இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், சோக்கும் போட்டிருக்கலாம். அந்த நேரத்து ஐடிலிங்கை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும்.

அடுத்து, த்ராட்டில் உண்மையிலேயே மூடுகிறதா என்று பாருங்கள். ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருந்தால், உறைக்குள் துரு ஏறியிருந்தால், ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், தகடு மயிரிழை அளவு திறந்தே நிற்கும். இன்ஜினை அணைத்துவிட்டு லீவரைக் கையால் மூடிய பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் குற்றவாளி அங்கேயே பிடிபட்டுவிட்டார். கேபிளில் சிறிது தளர்வு இருந்தே ஆக வேண்டும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் அமுங்கிப்போனாலும் கேபிள் இழுபடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

மூன்றாவது சோக். சோக்கை இழுக்கும்போது, கலவை கெட்டியாவதோடு ஒரு சிறு இணைப்பு த்ராட்டிலையும் கொஞ்சம் திறக்கிறது. குளிர்ந்த இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. வேலூர் மாவட்ட வெயிலில் வருஷத்தில் பல மாதம் சோக்குக்கு வேலையே இருக்காது. இழுக்காத கேபிளில் தூசும் துருவும் சேரும். ஏதோ ஒரு மார்கழிக் காலையில் இழுத்தால் அது பாதியில் நின்றுவிடும். குமிழ் உள்ளே போயிருக்கும். கார்புரேட்டரில் உள்ள லீவர் போயிருக்காது. ஆகவே குமிழைப் பார்த்து நம்பக் கூடாது. லீவரைப் பார்க்க வேண்டும்.

இவை சரியாக இருந்தால் அடுத்த சோதனை மிகவும் அழகானது. ஓடும் இன்ஜினில் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்புங்கள். எத்தனை சுற்று என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முனை பதியும் அளவுக்கு இறுக்க வேண்டாம், ஊசியில் பள்ளம் விழுந்துவிடும். ஐடில் பாதையில் பெட்ரோல் நின்றால் இன்ஜின் தள்ளாடி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால், அது வேறெங்கிருந்தோ பெட்ரோல் வாங்குகிறது என்று பொருள். த்ராட்டில் தகடு அளவுக்கு மேல் திறந்து, மேலே உள்ள மாறு துளைகள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. யாரோ முன்பு ஐடில் ஸ்க்ரூவைக் கூட்டி வைத்து ஏதோ ஒரு கோளாறை மறைத்திருக்கிறார்கள்.

ஏர் லீக்கைப் பிடிக்கும் வழி

இப்போது ஓஸ்களுக்கு வரலாம். மேனிஃபோல்டின் வேக்கத்தில் தொங்கும் ஒவ்வொரு ரப்பர் குழாயும் ஒரு சந்தேகத்துக்குரிய வாசல். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஓஸ், இன்ஜின் ஆவியை மீண்டும் உள்ளே விடும் வால்வின் ஓஸ், வண்டியில் இருந்தால் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஓஸ் என்று ஒவ்வொன்றாக விரலால் நெரித்துப் பார்க்க வேண்டும். எதை நெரித்ததும் வேகம் தெளிவாகக் குறைகிறதோ அங்கே லீக். ஆவி வால்வின் ஓஸை நெரித்தால் இயல்பாகவே சற்றுக் குறையும். பெரிய மாற்றத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். பிரேக் பூஸ்டர் பக்கம் லீக் தெரிந்தால் அதை ஐடிலிங் கோளாறாக மட்டும் எண்ணக் கூடாது. பிரேக் மிதியைக் கல்லாக்கும் கோளாறு அது.

நம் பகுதியில் ரப்பர் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் உண்டு. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடுவோருக்கு இது புதிதல்ல: பதனிட்ட தோலுக்கு எண்ணெயும் கொழுப்பும் ஏற்றாவிட்டால் காய்ந்ததும் விறைத்துப் பிளந்துவிடும். ரப்பரிலும் அதை நெகிழ வைக்கும் எண்ணெய்ப் பொருள்கள் கலந்திருக்கின்றன. வெப்பம் அவற்றை மெல்ல மெல்ல வெளியேற்றுகிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், அதுவும் சீட்டுக்கு அடியில் இன்ஜின் அடைபட்டிருக்கும் ஆம்னியில், ஓஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வளைத்துப் பார்த்தால் முனையில் கீறல் விட்டிருக்கும்.

ஓஸ்கள் தேறினால் பேக்கிங்குகளும் தகட்டைத் தாங்கும் தண்டும் மிச்சம். கார்புரேட்டரின் அடித்தளத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் அதன் காதுகள் வளைந்து நடுவே இடைவெளி விழும். இறுக்க இறுக்க லீக் கூடும்! மேனிஃபோல்ட் பேக்கிங் வெந்து உதிர்ந்திருக்கலாம். த்ராட்டில் தண்டு தூசியில் உரசி உரசி அதன் துளை நீள்வட்டமாகியிருக்கலாம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகமான இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்தால், லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, கணநேரம் வழி அடைபட்டு, இன்ஜினின் சத்தம் மாறும். இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. ஒரு கார்புரேட்டருக்காகக் கையையும் கடையையும் இழக்கக் கூடாது.

லீக் என்றால் எப்போதும் வேகம் ஏறும் என்பதும் இல்லை. கூடுதல் காற்றால் கலவை மெலிந்து எரிய முடியாமல் போனால் இன்ஜின் தள்ளாடும், அணையும். அதைச் சரிசெய்ய மெக்கானிக் மிக்சர் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டுவார். இப்போது கூடுதல் காற்றும் கூடுதல் பெட்ரோலும் சேர்ந்து நன்றாக எரியும். வேகம் 1,500-க்கு ஏறும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நின்று மெல்ல இறங்குவதும் மெலிந்த கலவையின் அடையாளம்.

டைமிங் என்னும் மறைமுகக் கை

காற்று எங்கும் கசியவில்லை, ஆனாலும் வேகம் அதிகம் என்றால் பார்வையைத் தீப்பொறிக்குத் திருப்ப வேண்டும். அதே கலவைக்குக் கொஞ்சம் முன்னதாகத் தீ வைத்தால் பிஸ்டனுக்குக் கிடைக்கும் தள்ளு கூடும், வேகம் ஏறும். பழைய இன்ஜின்களில் ஐடிலிங்கின்போது, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சுமார் 5 முதல் 10 டிகிரி முன்னால் பொறி விழும்படி வைப்பார்கள். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எடைகள் துருப்பிடித்து விரிந்தபடியே நின்றாலோ, அவற்றின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, டைமிங் முன்னேறிவிடும்.

இங்கேதான் ஐடில் ஸ்க்ரூவைக் கண்டபடி திருப்புவதன் கேடு முழுதாகத் தெரிகிறது. பல கார்புரேட்டர்களில் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் ஓஸ் த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே பொருத்தப்பட்டிருக்கும். தகடு சரியாக மூடியிருந்தால் அங்கே வேக்கம் இருக்காது. தகட்டை ஸ்க்ரூவால் தூக்கினால் வேக்கம் அந்தத் துளையை எட்டும், டைமிங் முன்னேறும், வேகம் இன்னும் ஏறும். தொடக்கத்தில் இருந்தது ஒரே கோளாறு. மறைக்கப் போனதில் அது மூன்றாகிறது. அந்த ஓஸைக் கழற்றி அடைத்ததும் வேகம் குறைந்தால் இந்தச் சங்கிலியின் நடுவே நாம் நிற்கிறோம்.

எல்லா வழிகளும் தேறிய பிறகு, இப்போதுதான் திருப்புளிக்கு வேலை. ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை வண்டிக்குரிய அளவுக்குக் கொண்டுவந்து, மிக்சர் ஸ்க்ரூவை உள்ளும் புறமும் திருப்பி, இன்ஜின் மிகச் சீராக ஓடும் இடத்தைக் கண்டு, மறுபடி வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படி மாறி மாறிச் செய்தால் முடிந்தது.

எத்தனால் வந்த பிறகு

பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய புதிய காரணம் ஒன்று இருக்கிறது. 2022-இல் நாடு முழுவதும் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். 1 கிராம் சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 கிராம் என்றால், 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிராம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதன் ஜெட்டின் துளை சுத்தப் பெட்ரோலுக்கு அளந்து போட்டது. எனவே கலவை ஏற்கெனவே கொஞ்சம் மெலிந்துதான் வருகிறது. முன்பு தாங்கிக்கொண்ட சிறு ஏர் லீக்கை இப்போது இன்ஜினால் தாங்க முடியவில்லை. பழைய ரப்பர் பாகங்களையும் எத்தனால் உப்ப வைக்கும், தளர்த்தும். ஆகவே பழைய ஆம்னியிலோ ஜீப்பிலோ ஓஸ்களையும் டயாஃப்ரத்தையும் பேக்கிங்கையும் எத்தனாலுக்கு ஏற்ற ரப்பரில் மாற்றிவிடுவது நல்ல முதலீடு.

சத்தம் மட்டும்தானே என்று விடலாமா?

விடக் கூடாது. பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்குப் பத்தலப்பல்லி மலைப்பாதையில் ஏறிய சரக்கு வண்டி திரும்பி இறங்க வேண்டும். கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவ வேண்டும். மூடிய த்ராட்டிலுக்கு எதிராகப் பிஸ்டன்கள் காற்றை இழுக்கும் பாடுதான் அந்தப் பிடி. ஐடிலிங் ஏறிய வண்டியில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. சுமை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. இறக்கத்தில் பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்று மலைப்பாதை டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைத்தெருவில் கிளட்ச்சை விட்டதும் வண்டி பாயும். ரிவர்ஸ் போட்டால் கியர் உறுமும். சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் சில சுற்று உதறிக்கொண்டு ஓடும். திறந்திருக்கும் த்ராட்டில் வழியே கலவை போய், சூடான கரிப் படிவில் தானாகப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். நிற்கும் நேரத்தில் எரியும் பெட்ரோலும் கிட்டத்தட்ட இரு மடங்காகும்.

புகைச் சோதனையும் ஐடிலிங்கில்தான் நடக்கிறது. பாரத் நிலை 2-க்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்-முக்கும் மேல் போகக் கூடாது. லீக்கை மறைக்கப் பெட்ரோலைக் கூட்டினால் முதல் எண் ஏறும். லீக்கால் கலவை மெலிந்து எரியாமல் வெளியேறினால் இரண்டாம் எண் ஏறும். சரக்கு இறக்கும் தெருவில் குழந்தைகள் சுவாசிக்கும் காற்று அதுதான். இந்த இரண்டையும் ஒருசேர அடக்க, காற்றின் வழியை அடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கார்புரேட்டரின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 வந்த பிறகு புதிய இரு சக்கர வண்டிகளில்கூட அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அது கற்றுத்தரும் சிந்தனை பழையதாகாது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியிலும் மேனிஃபோல்டில் ஓட்டை விழுந்தால் ஐடிலிங் ஏறும். கம்ப்யூட்டர் தன் ஐடில் வால்வை மூடிச் சமாளித்துப் பார்க்கும், முடியாதபோது விளக்கை எரியவிட்டு ஒதுங்கிவிடும். அப்போதும் ஓட்டையைத் தேடிப் போக வேண்டியது ஒரு மனிதர்தான். அறிகுறியைக் கேட்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, எளிதில் சோதிக்கக் கூடியதை முதலில் சோதிப்பது, காரணம் கையில் கிடைக்கும் வரை அளவுகளைத் தொடாமல் இருப்பது என்று நல்ல மெக்கானிக் செய்வதெல்லாம் அறிவியல் முறையேதான். தொழில் கற்க வரும் பிள்ளைகளின் கையில் ஒரு பழைய கார்புரேட்டரைக் கொடுத்துப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். ஐடில் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அதைக் கடைசியில் ஏன் தொட வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.